கிணற்றில் இறங்கும் பசளை: யாழ்ப்பாணத்து நைத்திரேற்றுக் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிவிட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. ஒரு செய்தி பாதுகாப்பு எல்லை 10 என்கிறது, இன்னொன்று 50 என்கிறது. ஒருவர் யூரியாவைக் குற்றம் சொல்கிறார், மற்றவர் மலக்கூடக் குழியைக் காட்டுகிறார். கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். அது பிழை மட்டுமல்ல, கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆபத்தும்கூட. நைத்திரேற்று எங்கிருந்து வருகிறது, ஏன் போகாமல் நிற்கிறது, தோட்டத்தில் எதை மாற்றினால் குறையும் என்பதை இங்கே அடியிலிருந்து பார்க்கலாம்.

எல்லை 10-ஆ, 50-ஆ?

இரண்டும் ஏறத்தாழ ஒரே எல்லைதான். அளக்கும் முறை வேறு. நைத்திரேற்று என்பது ஒரு நைதரசன் அணுவும் மூன்று ஒட்சிசன் அணுக்களும் சேர்ந்தது. முழு நைத்திரேற்றையும் எடை பார்த்தால் ஒரு கணக்கு, அதிலுள்ள நைதரசனை மட்டும் எடை பார்த்தால் இன்னொரு கணக்கு. நைதரசன் கணக்கை 4.43 ஆல் பெருக்கினால் நைத்திரேற்றுக் கணக்கு வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நைதரசனாகச் சொன்னால் அது 11.3. இலங்கையின் குடிநீர்த் தரமும் 50 தான். ஆகவே ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது எண்ணை அல்ல, அது "நைத்திரேற்றாக" எழுதப்பட்டதா "நைதரசனாக" எழுதப்பட்டதா என்பதை. நைதரசனாக 20 என்று எழுதிய தாளை 50க்குக் கீழே என்று எண்ணி ஆறுதல் அடைந்தால், உண்மையில் குடிப்பது ஏறத்தாழ 89 மில்லிகிராம் நைத்திரேற்று.

காலடியிலேயே நீரேந்து பகுதி

மலைநாட்டில் நீரேந்து பகுதி என்றால் கண்ணுக்குத் தெரியும். மலைச்சரிவில் விழுந்த மழை ஓடையாகி, ஆறாகிக் கீழே வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, கல்லுண்டாய்ப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. மற்றபடி மழைநீர் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு தனித்தனி நிலக்கீழ் நீர்த்தேக்கங்கள் உள்ளன. அவற்றில் பெரியது வலிகாமத்தில் சுன்னாகத்தை மையமாகக் கொண்டது.

இதன் விளைவு எளிது, ஆனால் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் கிணற்றின் நீரேந்து பகுதி உங்கள் தோட்டமும் அயலவரின் தோட்டமும் இரு வீட்டு வளவுகளும்தான். தூரத்து மலையிலிருந்து எவரும் அழுக்கை அனுப்பவில்லை, நல்ல தண்ணீரையும் அனுப்பப்போவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வாரங்களில். அந்த மழையில் மண்ணைத் தாண்டி இறங்கும் பங்கே ஆண்டு முழுவதற்குமான கையிருப்பு.

செம்மண் பயிருக்கு அருமையான மண். நீர் தேங்காது, வேர் இலகுவாக இறங்கும். அதே குணம்தான் கேடும் செய்கிறது. பல இடங்களில் மண் ஆழம் குறைவு, கீழே வெடிப்புள்ள கல். மணற்படுக்கையில் இறங்கும் நீர் மெல்ல மெல்ல வடிகட்டப்படும். கல்வெடிப்பில் அந்த வேலை நடப்பதில்லை.

யூரியா எப்படிக் கிணற்றுக்குள் போகிறது

1. பாத்தியில் எறிந்த யூரியா, எங்கள் வெப்பத்தில் சில நாட்களுக்குள் அமோனியமாக மாறுகிறது. அமோனியத்துக்கு நேர்மின்னேற்றம் இருப்பதால் களித்துணிக்கை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

2. பிறகு மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் ஓரிரு வாரங்களில் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றுக்கு எதிர்மின்னேற்றம். களித்துணிக்கைக்கும் அதுவே, ஆகவே மண் அதைப் பிடிப்பதில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

3. வெங்காயத்தின் வேர் ஏறத்தாழ ஒரு அடிக்குள்தான் இருக்கிறது. நைத்திரேற்று அதைத் தாண்டிவிட்டால் பயிருக்கு இல்லை. அடுத்த பெரிய இறைப்பு அல்லது முதல் மழை அதைக் கல்லுக்குள் தள்ளிவிடும்.

4. வேர்மண்டலத்துக்குக் கீழே நைத்திரேற்றைச் சிதைக்க ஒட்சிசன் இல்லாத, சேதனப் பொருள் உள்ள படை வேண்டும். சுண்ணாம்புக் கல்லில் அது அரிது. அதனால் உள்ளே போன நைத்திரேற்று நிலைத்துவிடுகிறது. அது வெளியேற இரண்டு வழிகள்தான்: கடலுக்குக் கசிவது, அல்லது நாம் இறைத்துப் பயிருக்குக் கொடுப்பது. இரண்டாவது வழியைக் கீழே விரிவாகப் பார்ப்போம். பணமும் அங்கேதான் இருக்கிறது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது, சேதனப் பசளை என்றால் கிணறு தானாகச் சுத்தமாகிவிடும் என்ற பேச்சு எழுந்தது. அது சரியல்ல. மாட்டெருவிலும் கோழியெருவிலும் உள்ள நைதரசனும் உக்கி நைத்திரேற்றாகவே மாறுகிறது. நன்றாக மக்கிய மாட்டெரு மெல்ல விடுவதால் இழப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் கோழியெருவில் நைதரசன் பல மடங்கு செறிவாக உள்ளது. அதை மாரிமழைக்கு ஒரு வாரம் முன்பு குவித்துப் பரப்பினால் யூரியா செய்யும் வேலையையே அதுவும் செய்யும்.

ஒரு பரப்புக் காணியின் கணக்கு

ஒரு பரப்பு என்பது ஏக்கரில் பதினாறில் ஒன்று, சுமார் 253 சதுர மீற்றர். மழையில் ஆண்டுக்கு 300 மில்லிமீற்றர் நிலத்துக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பரப்பு கிணற்றுக்குக் கொடுக்கும் புது நீர் 76 கன மீற்றர், அதாவது 76,000 லீற்றர்.

இந்த நீர் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருக்கவேண்டுமானால் அதில் அதிகபட்சம் 3.8 கிலோ நைத்திரேற்றுத்தான் கரைந்திருக்கலாம். நைதரசனாகப் பார்த்தால் 860 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால், இது 1.9 கிலோ யூரியாவுக்குச் சமம்.

ஆண்டு முழுவதும், எல்லாப் போகங்களிலும் சேர்த்து, ஒரு பரப்பிலிருந்து கீழே இறங்க அனுமதிக்கக்கூடிய அளவு அவ்வளவுதான். போட்ட பசளையில் 30 சதவீதம் இறங்குகிறது என்று எடுத்தாலும், பரப்புக்கு ஆண்டில் 6 கிலோ யூரியாவைத் தாண்டும்போது எல்லையும் தாண்டுகிறது. வெங்காயம், மிளகாய், மீண்டும் வெங்காயம் என்று நிலம் ஓயாத தோட்டத்தில் 6 கிலோ எவ்வளவு விரைவில் முடியும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். தரிசுக் காணிகளும் பனந்தோப்புகளும் இடையில் இருந்து தூய நீரைக் கலப்பதால்தான் பல கிணறுகள் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. பனங்காணி வீட்டுக் காணியாக மாறும்போது அந்தக் கலப்பும் போகிறது.

மலக்கூடக் குழியின் பங்கு

தோட்டக்காரர் மீது மட்டும் பழி போடுவது நியாயமற்றது. ஒரு மனிதர் ஆண்டுக்கு வெளியேற்றும் நைதரசன் 4 கிலோ அளவில் இருக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் 20 கிலோ. ஒரு பகுதி குழியின் அடியிலுள்ள மண்டியில் தங்கும், ஒரு பகுதி வாயுவாகப் போகும். ஆனால் இரண்டு பரப்பு வளவு தாங்கக்கூடியது மேற்படி கணக்கில் 1.7 கிலோ மட்டும். பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே எல்லை கடந்துவிடுகிறது.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி என்ற வழக்கமான விதி கிருமிகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. மண்ணில் நகரும்போது கிருமி இறக்கும், நைத்திரேற்று இறக்காது. கல்வெடிப்பு நேராகக் கிணற்றுக்குப் போனால் கிருமியும் வந்து சேரும். அடி திறந்த குழிக்குப் பதில் அடி மூடிய, கசியாத தொட்டி கட்டி, மண்டியை வண்டியில் அகற்றுவதே சுண்ணாம்புக் கல் நிலத்துக்குப் பொருந்தும். செலவு கூடத்தான். இருந்தாலும் புதிய வீட்டு அனுமதிகளில் இதைக் கட்டாயமாக்காமல் தோட்டக்காரரிடம் மட்டும் பசளையைக் குறைக்கச் சொல்வதில் பயனில்லை.

எது காரணம் என்பதை நீர் ஆய்வறிக்கையே ஓரளவு காட்டிவிடும்:

1. நைத்திரேற்று அதிகம், மலக் கோலிவடிவப் பற்றீரியா இல்லை: பெரும்பாலும் பசளை.
2. நைத்திரேற்றும் பற்றீரியாவும் சேர்ந்து அதிகம்: குழி, மாட்டுக்கொட்டில், அல்லது கிணற்றுக் கட்டு வழியாக மேல்நீர் இறங்குதல்.
3. குளோரைட்டு (உப்பிலுள்ள ஒரு கூறு) மிக அதிகம், நைத்திரேற்று குறைவு: கடல்நீர்.

இறைக்கும்போது சவர் (உப்புநீர்) ஏன் ஏறுகிறது

நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசானது. அதனால் கடல்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். மேல்மட்டம் நிரந்தரமாக 1 மீற்றர் இறங்கினால், நாளடைவில் அடியிலிருந்து சவர் 40 மீற்றர் ஏற இடம் கிடைக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த அமைப்பை நேரில் காட்டுகிறது.

இறைப்புத் தானே இன்னொரு வழியிலும் உப்பைக் கூட்டுகிறது. லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரைட்டுள்ள நீரில் 1000 லீற்றர் இறைத்தால் அதில் 200 கிராம் குளோரைட்டு இருக்கும். 600 லீற்றர் ஆவியாகிப் போனால், மீதி 400 லீற்றர் அதே 200 கிராமுடன் கீழே திரும்புகிறது. செறிவு இப்போது 500. அதே கிணறு, அதே தண்ணீர், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் கடுமை.

பயிர் இதை எவ்வளவு பொறுக்கும்? வெங்காயம் மிகவும் மென்மையானது. உப்பளவைக் காட்டும் அளவீடான இறைப்பு நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன் வரை விளைச்சல் குறையாது, 1800 ஆனால் கால்வாசி போகும். மிளகாய்க்கு அந்த எண்கள் 1000, 2200. பீற்றூட் 2700 வரை தாங்கும். உப்பு ஏறிய கிணற்றை நம்பி வெங்காயம் நடுவதைவிடப் பயிரை மாற்றுவது புத்தி.

தோட்டத்தில் செய்யவேண்டியவை

1. *முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.* ஆண்டுக்கு இரண்டு முறை: மழைக்கு முன் புரட்டாசியில், மழைக்குப் பின் தை மாதத்தில். கோடையில் மண்ணில் தேங்கிய நைத்திரேற்றை மாரி கழுவி இறக்குவதால் ஒரு சோதனை முழுப் படத்தைத் தராது. பம்பியை 10 நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசி, வாய் வரை நிரப்பி மூடுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே, தவறினால் மறுநாளாவது ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கிய போத்தலில் பற்றீரியாக்கள் நைத்திரேற்று அளவை மாற்றிவிடும்.

2. *தண்ணீரில் உள்ள பசளையைக் கழியுங்கள்.* இதுதான் உடனே இலாபம் தருவது. ஒரு வெங்காயப் போகத்துக்குப் பரப்புக்கு 400 மில்லிமீற்றர் இறைப்பு என்றால் ஏறத்தாழ 1,00,000 லீற்றர். கிணற்று நீரில் நைத்திரேற்று 100 ஆனால், அந்த நீரே 2.3 கிலோ நைதரசனைக் கொண்டுவருகிறது. அது 5 கிலோ யூரியா. ஏக்கருக்கு 80 கிலோ, ஒன்றரை மூட்டைக்கு மேல். காசு கொடுத்து வாங்கி ஏற்கெனவே கிணற்றில் போட்டு வைத்த பசளை அது. கணக்கில் வந்ததை ஒரேயடியாகக் கழிக்கவேண்டாம். முதற் போகத்தில் பாதியைக் கழியுங்கள், இரண்டு பாத்திக்கு மட்டும் பழைய அளவைக் கொடுத்து ஒப்பிடுங்கள். நைதரசன் கூடிய வெங்காயத்தின் கழுத்து தடிக்கும், முற்றப் பிந்தும், கட்டித் தொங்கவிட்டால் அழுகும். குறைத்த பாத்தியின் வெங்காயம் சேமிப்பில் எப்படி நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

3. *மிச்சத்தைப் பிரித்துப் போடுங்கள்.* அடிப்பசளையாக மொத்தத்தையும் இட்டால் நாற்றின் வேர் அதைப் பிடிக்கும் முன்பே நீர் கொண்டுபோய்விடும். நடுகைக்குப் பின் மூன்று தடவையாகப் பிரியுங்கள். குமிழ் திரளத் தொடங்கிய பிறகு நைதரசன் வேண்டாம். கடும் மழை எதிர்பார்க்கும் வாரத்தில் தள்ளிப்போடுங்கள்.

4. *இறைப்பை மணிக்கூடு பார்த்துச் செய்யுங்கள்.* 1 மீற்றர் ஆழ மண் பயிருக்குச் சுமார் 100 மில்லிமீற்றர் நீரை வைத்திருக்கும் என்றால், வெங்காயத்தின் 30 சென்ரிமீற்றர் வேர்மண்டலத்தில் 30. அதில் மூன்றில் ஒன்று குறைந்ததும் இறைக்கவேண்டும், அதாவது ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றர். பரப்புக்கு 2500 லீற்றர். பம்பிக் குழாயை 200 லீற்றர் பரலில் விட்டுப் பாருங்கள். 40 செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு 5 லீற்றர், பரப்பொன்றுக்கு 8 நிமிடம் 20 செக்கன் போதும். பாத்தி வரம்பு வரை நிரம்பும்வரை விட்டால் மிஞ்சியது முழுவதும் பசளையுடன் கீழே போகிறது, எரிபொருளும் வீண். தூவல் அல்லது சொட்டுநீர் இருந்தால் இந்த 10 மில்லிமீற்றரை ஒழுங்காகக் கொடுப்பது சுலபம். ஆனால் சொட்டுநீர் போட்டும் பழைய நேரத்துக்கே ஓடவிடுபவர்களுக்கு அது உதவாது. உப்பு ஏறிய கிணறாயின் வேர்மண்டலத்தில் தேங்கும் உப்பைக் கழுவ இடையிடையே கூடுதல் நீர் தேவைப்படும். அதைப் பசளை போட்ட வாரத்தில் செய்யாதீர்கள்.

5. *மாரியில் நிலத்தை வெறுமையாக விடாதீர்கள்.* அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சிய நைத்திரேற்றைப் பிடிக்க ஒரு பயிர் நிற்கவேண்டும். சணல், குரக்கன், நெல் எதுவானாலும் பசளை இடாமல் விதையுங்கள். சணலைப் பூக்கும் பருவத்தில் உழுது மடக்கினால் அடுத்த போகத்துக்கு நைதரசன் கிடைக்கும், அதையும் பசளைக் கணக்கில் கழிக்கவேண்டும்.

6. *கிணற்றைச் சுற்றி.* கட்டு நிலத்திலிருந்து இரண்டு அடியாவது உயர்ந்து, சுற்றிலும் வெளிச்சரிவான சீமெந்துத் தளம் இருக்கவேண்டும். பசளை மூட்டை, எருக் குவியல், மருந்து கலக்கும் வாளி ஆகியவற்றைக் கிணற்றடியில் வைக்காதீர்கள். தெளிகருவி கழுவிய நீர் கிணற்றடி வாய்க்காலில் ஓடுவதை இன்றும் பல தோட்டங்களில் காணலாம்.

குளமும் வாய்க்காலும்

தோட்டத்தில் குறைப்பது ஒரு பாதி. மறுபாதி, மழைநீரைக் கூடுதலாக இறக்குவது. குடாநாட்டின் குளங்களும் கேணிகளும் இதற்காகவே இருந்தவை. அடியில் படிந்த சேறு அடைத்துவிட்டால் குளம் நிறைந்தே நிற்கும், ஆனால் நீர் இறங்காது. சேற்றைக் கோடையில் அள்ளித் தோட்டத்துக்கு இடுவது இரண்டு பக்கமும் நன்மை. ஆனால் கல் தெரியும்வரை தோண்டக்கூடாது. மெல்லிய மண்படைதான் அங்கே இருக்கும் ஒரே வடிகட்டி.

வீட்டுக் கூரை நீரை முதல் மழை கழிந்தபின் மணல், சல்லி வடி வழியாகக் கிணற்றுக்குள் விடலாம். வீதி வெள்ளத்தையும் சந்தை வெள்ளத்தையும் விடவே கூடாது. எண்ணெய், எரு, குப்பை எல்லாம் ஒரே பாய்ச்சலில் நீர்த்தேக்கத்துக்குள் போய்விடும். குளத்தில் தேங்குவது எதுவோ அதுவே சில நாட்களில் அயல் கிணற்றில் இருக்கும். ஆகவே மருந்துப் போத்தல் வீசும் குளத்தை ஆழமாக்குவதால் ஊருக்கு நன்மை வராது.

கடல்நீரேரிகளின் வாயில்களை அணைகட்டி அடைத்து மழைநீரைத் தேக்கவேண்டும் என்ற திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் முன்வைத்தார். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் அந்த எண்ணத்தோடு சேர்ந்தவை. அவற்றின் கதவுகள் கசியாமல் இருந்தால் ஏரியோரக் கிணறுகளில் உப்பு குறையும். நைத்திரேற்றைக் குறைக்க அவை நேரடியாக உதவா.

குடிப்பவர்களுக்கு

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் நைத்திரேற்று, நைத்திரைற்று என்ற வேறொரு பொருளாக மாறி, இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. உதடும் நகமும் நீலமாவது அதன் அறிகுறி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து, மாப்பால் கரைக்கும் தண்ணீரில். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நீர் ஆவியாகும், நைத்திரேற்று எஞ்சிச் செறிவு கூடும். குளோரீன், கரி வடி, மண்பானை எதுவும் அதை எடுக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) இயந்திரம் பெரும்பகுதியை எடுக்கும். ஆனால் அது கழிக்கும் நீரில் நைத்திரேற்று இன்னும் செறிந்திருக்கும். அதைக் குழியில் விட்டால் கிணற்றுக்கே திரும்பும். அளவோடு தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுவது மேல்.

தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்நீர் வரும் வீடுகளில் குடிநீர்க் கவலை குறையும். அங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. குழாய்நீர் வந்தபின் கைவிட்ட கிணற்றைக் குப்பைக் குழியாகவோ மலக்கூடக் குழியாகவோ பாவிக்கும் வழக்கம் தலைகாட்டுகிறது. அப்படிச் செய்தால் மண் என்ற கடைசித் தடையும் இல்லாமல் கழிவு நேராக நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அடுத்த வளவில் வெங்காயத்துக்கு இறைப்பவர் அதே தேக்கத்திலிருந்துதான் இறைக்கிறார். பாவிக்காத கிணற்றுக்கு வலையோ மூடியோ போட்டு, மாதம் ஒருமுறை இறைத்து மரங்களுக்கு விடுங்கள்.